காய்ச்சல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? புற்றுநோய்ச் சிகிச்சையில் இரு குழந்தைகள், ரத்தத்தில் சில எண்கள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் ஆண்டு முழுக்கப் பார்ப்பதை இரண்டு குழந்தைகளின் கதையாகத் தொகுத்து இந்த நிகழ்வு ஆய்வை எழுதியிருக்கிறேன். எந்த ஒரு குழந்தையின் கேஸ் ஷீட்டும் அப்படியே இதில் இல்லை. எழுதக் காரணம் இதுதான்: கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் என்று, அழற்சியையோ தொற்றையோ காட்டும் இரண்டு பொருள்களை அளக்கும் ரத்தப் பரிசோதனை எழுதுவது வழக்கமாகிவிட்டது. வரும் எண்ணைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் நிம்மதி அடைகிறார்கள். டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர்களும் அப்படியே. காய்ச்சல் ஆரம்பித்து எத்தனை மணி நேரத்தில் எடுத்த ரத்தம் அது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் எவ்வளவு மாறிப்போகிறது என்பதைத்தான் இந்த இரண்டு குழந்தைகளை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் குழந்தை

ஆறு வயதுப் பெண் குழந்தை, எடை 18 கிலோ. பி-செல் வகை ரத்தப் புற்றுநோய். முதல் மாதச் சிகிச்சையிலேயே நோய் கட்டுக்குள் வந்து, நடுவில் வரும் தீவிரக் கட்டத்தின் பிற்பாதியில் இருந்தாள். சைக்ளோபாஸ்பமைட் என்ற கீமோ மருந்து போட்டு 13 நாள். சைட்டரபின் என்ற இன்னொரு கீமோ ஊசி முடிந்து மூன்று நாள். நெஞ்சில் கீமோ போர்ட் (தோலுக்கடியில் வைத்து மருந்து ஏற்றும் குழாய்) வைத்திருந்தது. இந்தக் கட்டத்தில் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அடிமட்டத்துக்கு இறங்கும் என்பது எதிர்பார்த்ததுதான். பெற்றோருக்கும் சொல்லியிருந்தோம்.

இரவு ஒன்பதரை மணிக்குச் சாப்பிட மறுத்தவளை அம்மா தொட்டுப் பார்த்திருக்கிறார். தெர்மாமீட்டரில் 101.2. நாங்கள் கொடுத்திருந்த அட்டையில் 'காய்ச்சல் 100.4-க்கு மேல் ஒரு மணி நேரம் நின்றால், அல்லது ஒரே தடவை 101 காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்' என்று எழுதியிருக்கும். அம்மா அதைப் படித்துவிட்டு 108-க்கு போன் போட்டுவிட்டார். பதினொன்று இருபதுக்கு அவசரப் பிரிவில் இருந்தார்கள்.

வந்தபோது காய்ச்சல் 101.6 (38.7 செல்சியஸ்). நாடித்துடிப்பு 148. ரத்த அழுத்தம் 92/54, வயதுக்கு அது போதும். நெஞ்சை விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப மூன்று விநாடி ஆனது. அது கொஞ்சம் அதிகம். வாய் ஓரத்திலும் நாக்கடியிலும் புண். போர்ட் போட்ட இடம் சுத்தமாக இருந்தது. இருமல் இல்லை, வயிறு தொட்டால் மிருதுவாக இருந்தது. "பாப்பா, எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டதற்கு வாயைக் காட்டினாள், பேசவில்லை. எப்போதும் சிஸ்டரிடம் ஸ்டிக்கர் கேட்டு அடம் பிடிக்கிறவள் அன்று கேட்கவில்லை. எந்த இயந்திரமும் அளக்காத அறிகுறி அது. வார்டில் வேலை செய்கிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8, பிளேட்லெட் 22,000, மொத்த வெள்ளை அணு 300. நியூட்ரோஃபில் 40. கிருமியை எதிர்க்க முதலில் ஓடிவரும் அணு அதுதான். 500-க்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கு ஆரம்பிக்கிறது. நியூட்ரோஃபில் எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் குறைந்தே இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தொற்று கூடும் என்பதை 1966-ல் அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் இருந்த ஜெரால்டு போடி ரத்தப் புற்றுநோயாளிகளை வைத்துக் காட்டினார். இன்றும் அந்த வரைபடத்தின் மேல்தான் நிற்கிறோம்.

அப்புறம் அந்த இரண்டு எண்கள். சி.ஆர்.பி. லிட்டருக்கு 14 மில்லிகிராம். புரோகால்சிடோனின் மில்லிலிட்டருக்கு 0.4 நானோகிராம். திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாவிட்டால் ஏறும் லாக்டேட் 2.1.

சி.ஆர்.பி. 14 என்பது சாதாரணச் சளிக்கே வரும் எண். புரோகால்சிடோனினில் 0.5-க்குக் கீழே என்றால் பல ஆய்வகங்கள் 'கடுமையான பாக்டீரியா தொற்று வாய்ப்புக் குறைவு' என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துத் தருகின்றன. ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது வைரஸ் காய்ச்சல், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

நல்லவேளை, மருந்து ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. போர்ட்டிலிருந்து ஒன்று, கை நரம்பிலிருந்து ஒன்று என்று இரண்டு கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்த கையோடு, வந்து 35 நிமிடத்தில் பிப்பராசிலின்-டாசோபாக்டம், அமிகாசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் உள்ளே போய்விட்டன. கவுண்ட் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் என்பது உலகம் முழுக்க வார்டுகள் வைத்திருக்கும் இலக்கு. கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் உடனே மருந்து தொடங்கும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்டது 1971-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஷிம்ப்ஃப் குழு வெளியிட்ட ஆய்வு. அதற்கு முன் கல்ச்சர் வரட்டும் என்று காத்திருந்து இழந்த நோயாளிகள் ஏராளம்.

அடுத்த ஆறு மணி நேரம்

விடியற்காலை நாலு மணிக்கு டியூட்டி சிஸ்டர் கூப்பிட்டார். நாடித்துடிப்பு 166. ரத்த அழுத்தம் 76/34. ஆறு வயதுக் குழந்தைக்கு 82-க்குக் கீழே போனால் அது குறைந்த அழுத்தம். பாதம் முழங்கால் வரை சில்லென்று இருந்தது. லாக்டேட் 4.6. செப்டிக் ஷாக், அதாவது தொற்றால் ரத்த ஓட்டமே சரியும் நிலை.

கிலோவுக்கு 10 மி.லி. கணக்கில் டிரிப்ஸ் வேகமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கல்லீரல் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து மறுபடி ஏற்றினோம். அழுத்தம் நிற்கவில்லை. போர்ட்டில் மருந்தும் ரத்தமும் ஓடிக்கொண்டிருந்ததால் கை நரம்பில் போட்ட ஊசி வழியாகவே, அழுத்தத்தைத் தூக்க அட்ரினலின் தொடங்கினோம். பிப்பராசிலினை நிறுத்திவிட்டு, அதைவிட வலுவான ஆன்டிபயாட்டிக்கான மெரோபெனம். குழந்தை ஐ.சி.யூ.வுக்குப் போனாள்.

ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தில் புரோகால்சிடோனின் 18. சி.ஆர்.பி. 62.

இரவு பதினொன்றரைக்கு 0.4, விடிகாலை ஆறுக்கு 18. ஆய்வகத்தில் தவறு நடக்கவில்லை, இரண்டு எண்ணும் உண்மைதான். முதல் ரத்தம் எடுத்தபோது காய்ச்சலுக்கு வயது இரண்டு மணி நேரம். அட்டையைப் படித்த அம்மா அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்துவிட்டார். பெருகத் தொடங்கிய கிருமிக்கு உடல் கொடுக்கும் பதில் அதற்குள் ரத்தத்தில் தெரியவில்லை. சீக்கிரம் வரும் குடும்பத்தின் குழந்தைக்குத்தான் முதல் எண் பொய்யான நிம்மதியைத் தரும். இதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் 'போன தடவை ஓடிவந்தோம், ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க' என்று அடுத்த தடவை வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இரண்டு கல்ச்சர் பாட்டிலும் பதினோராவது மணி நேரத்தில், சுமார் இருபது நிமிட இடைவெளியில், மெஷினில் அலாரம் அடித்தன. குழாயில் கிருமி குடியிருந்தால் குழாயிலிருந்து எடுத்த பாட்டில், கையிலிருந்து எடுத்ததைவிடக் குறைந்தது இரண்டு மணி நேரம் முந்தி வளரும். இங்கே அப்படி முந்தவில்லை. ஆக, போர்ட்டைக் கழற்ற அவசரம் இல்லை. வாய்ப்புண்ணோ குடலோதான் வழி. கிருமி ஈ. கோலை. அதிலும் செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதி உள்ளது. மெரோபெனத்துக்கும் அமிகாசினுக்கும் கட்டுப்பட்டது. முதல் டோஸில் அமிகாசினைச் சேர்த்தது அந்த ஆறு மணி நேரத்தில் அவளைத் தாங்கிப் பிடித்தது என்றுதான் நான் நம்புகிறேன். இந்த வகைக் கிருமி ரத்தத்தில் இருக்கும்போது பிப்பராசிலின்-டாசோபாக்டம் மெரோபெனத்துக்கு ஈடாகாது என்பதை 2018-ல் வெளியான மெரினோ ஆய்வு காட்டியது: 30 நாளில் இறந்தவர்கள் பிப்பராசிலின்-டாசோபாக்டம் பக்கம் 12.3 சதவீதம், மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம். அது பெரியவர்களில் நடந்த ஆய்வுதான். ஆனால் கிருமி அதே கிருமி.

இந்திய வார்டுகளில் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள் மேற்கத்திய வார்டுகளைவிட அதிகம். மருந்துக்கு அடங்காதவையும் அதிகம். 2012-ல் பல மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு திட்டத்தை வெளியிட்டன. 'சென்னை பிரகடனம்' என்று அதற்குப் பெயர். ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவதில் தாராளம், நிறுத்துவதில் தயக்கம் என்றே தொடர்ந்தால் நாளைக்கு இதே வார்டில் இதே மெரோபெனம் வேலை செய்யாது. ரத்த எண்களுக்கு இருக்கும் உண்மையான வேலை அங்கேதான் வருகிறது. அதற்கு இரண்டாவது குழந்தை.

இரண்டாவது குழந்தை

அதே இரவு, இரண்டு படுக்கை தள்ளி, ஒன்பது வயதுப் பையன். இதே நோய்தான், ஆனால் கடைசிக் கட்டமான பராமரிப்புச் சிகிச்சையில் இருந்தான்: தினம் மாத்திரை, வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட். இரண்டு நாளாகக் காய்ச்சல். வீட்டில் தங்கைக்கும் சளிக்காய்ச்சல். மூக்கு ஒழுகல், லேசான இருமல். காய்ச்சல் 102, ஆனாலும் அப்பாவின் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தெம்பாக உட்கார்ந்திருந்தான். ரத்த அழுத்தம் சரி, கை கால் கதகதப்பு. நியூட்ரோஃபில் 380, பிளேட்லெட் 1,40,000.

சி.ஆர்.பி. 96. புரோகால்சிடோனின் 0.18.

ரிப்போர்ட்டைப் பார்த்த அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பக்கத்துப் பெண்ணுக்குப் பதினாலு, நம்ம பையனுக்குத் தொண்ணூத்தாறா என்று அவர் கேட்டதில் தவறே இல்லை. அவனுக்கும் கல்ச்சர் எடுத்து, பிப்பராசிலின்-டாசோபாக்டம் தொடங்கினோம். மறுநாள் இரவு புரோகால்சிடோனின் 0.15, சி.ஆர்.பி. 71. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் இன்ஃப்ளுயென்சா. அதற்கு ஒசெல்டாமிவிர். 48 மணி நேரத்தில் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகியிருந்தது. நியூட்ரோஃபில் 620-க்கு ஏறியிருந்தது. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம்.

அவனுக்கும் அவளுக்கும் இடையில் நோயிலும் மருந்திலும் நிறைய வேறுபாடு உண்டு. ஆனால் எண்களைத் தலைகீழாக்கியது முக்கியமாக நேரம். அவன் காய்ச்சலுக்கு இரண்டு நாள் வயது. சி.ஆர்.பி. மெதுவாகக் கிளம்பி ஒன்றரை, இரண்டு நாளில்தான் உச்சிக்குப் போகும். அவன் வந்தது அந்த உச்சி நேரத்தில். அவள் வந்தபோது சி.ஆர்.பி. இன்னும் படுக்கையிலிருந்தே எழவில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

சி.ஆர்.பி. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் கண்டது. நிமோனியா நோயாளிகளின் ரத்தம் நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படிவதைப் பார்த்தார்கள். பெயரும் அதிலிருந்தே வந்தது. இன்டர்லூக்கின்-6 என்ற செய்திப் பொருள் சொல்லிக் கல்லீரல் அதைச் செய்கிறது. தூண்டல் வந்து ஆறு மணி நேரம் போல ஆனபிறகே ரத்தத்தில் தெரிய ஆரம்பிக்கும். அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம், சுமார் 19 மணி. பாக்டீரியா, இன்ஃப்ளுயென்சா, அடினோவைரஸ், அறுவைச் சிகிச்சை, வாய்ப்புண், ஹாட்ஜ்கின் போன்ற சில கட்டிகள் என்று எதற்கும் ஏறும். திசு எங்கே புண்பட்டாலும் அது பேசும், எதனால் புண்பட்டது என்று சொல்லாது. டோசிலிசுமாப் போட்ட குழந்தைக்கோ, இன்டர்லூக்கின்-6-இன் வழியே அடைபட்டிருப்பதால், தொற்று இருந்தாலும் ஏறாது.

புரோகால்சிடோனின் கதை வேறு. 116 அமினோ அமிலங்கள் கொண்ட அது தைராய்டில் கால்சிடோனின் ஹார்மோனுக்கு முன்வடிவம். சாதாரணமாக ரத்தத்தில் இருக்கவே இருக்காது என்று சொல்லலாம். அது தொற்றின் அடையாளம் என்று 1993-ல் லான்செட் இதழில் எழுதியவர்கள் பாரிஸை ஒட்டிய குஸ்தாவ் ரூசி புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த அசிகோ, போயுவோன் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்த குழந்தை மருத்துவர்களும். கால்சிடோனின் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோயின் அடையாளம் என்பதால் புற்றுநோய் நிறுவனத்தில் அதை அளக்கும் முறை கைவசம் இருந்தது. தொற்றுள்ள 79 குழந்தைகளைப் பார்த்தார்கள். கடுமையான பாக்டீரியா தொற்றில் எண் எகிறியது, வைரஸில் ஏறவில்லை. குழந்தைகளில் தொடங்கி, புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து வந்த பரிசோதனை இது.

பாக்டீரியா தொற்றில் உடலின் பல திசுக்கள் அந்த மரபணுவை ஒரே நேரத்தில் திறந்துவிடுகின்றன: கல்லீரல், நுரையீரல், கொழுப்பு, தசை என்று. வைரஸுக்கு எதிராகச் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் அதை அடக்குகிறது. நமக்கு இதில் முக்கியமானது, வெள்ளை அணு இல்லாவிட்டாலும் அது ஏறும் என்பது. கவுண்ட் 40 இருந்த அந்தக் குழந்தைக்கு 18-க்கும் அதன்பின் 46-க்கும் ஏறியது இதனால்தான். கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்த நாலு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நன்றாக ஏறிவிடும். சி.ஆர்.பி.யைவிட வேகம், ஆனால் உடனடி இல்லை. அரை ஆயுள் ஒரு நாள் போல.

அதற்கும் ஓட்டைகள் உண்டு. குழாயில் வளரும் கோவாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற சாதுவான கிருமிகளுக்குப் பல நேரம் ஏறாது. காளான் தொற்றுக்கும் பெரிதாக ஏறாது. மறுபக்கம், மஜ்ஜை மாற்றுக்கு முன் கொடுக்கும் ஆன்டிதைமோசைட் குளோபுலின் போட்ட குழந்தைக்குத் தொற்றே இல்லாமல் எகிறும். இதெல்லாம் தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் இரண்டு பக்கமும் வழுக்கும்.

இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 இரண்டும் இதைவிடச் சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் இறங்கிவிடும். 2005-ல் நெதர்லாந்தில் ஒரு குழு துணிந்து ஒரு வேலை செய்தது. உடல்நிலை நன்றாகவும் இன்டர்லூக்கின்-8 குறைவாகவும் இருந்த நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக்கே தராமல் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள். அவர்களுக்குக் கேடு வரவில்லை. ஆனாலும் நம் ஊரில் இரவு பதினொன்றரைக்கு இன்டர்லூக்கின்-8 அளந்து தரும் ஆய்வகம் எத்தனை இருக்கிறது? வெள்ளை அணுக்களின் ஆர்.என்.ஏ.வைப் படித்து பாக்டீரியாவா வைரஸா என்று சொல்லும் முறையும் வந்திருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2016-ல் இரண்டே மரபணுக்களை வைத்துக் காய்ச்சல் வந்த குழந்தைகளைப் பிரித்துக் காட்டியது. அருமையான வேலை. ஆனால் மொத்த வெள்ளை அணுவே 300 இருக்கும் குழந்தையில் படிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

விதிகள் எப்படிப் பிரித்திருக்கும்

சிலியின் மரியா எலெனா சாந்தோலாயா குழு 2001-ல், கவுண்ட் குறைந்து காய்ச்சலோடு வரும் குழந்தைக்குக் கடுமையான பாக்டீரியா தொற்று இருக்கும் அபாயத்தைக் கணிக்க ஐந்து காரணிகளை வைத்து ஒரு விதி செய்தது: சி.ஆர்.பி. 90 அல்லது அதற்கு மேல், குறைந்த ரத்த அழுத்தம், மறுபடி வந்த ரத்தப் புற்றுநோய், பிளேட்லெட் 50,000 அல்லது அதற்குக் கீழ், கீமோ முடிந்து ஏழு நாளுக்குள் காய்ச்சல். முதல் மூன்றில் ஒன்று இருந்தாலே அபாயம் அதிகம். கடைசி இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அபாயம் குறைவு, இரண்டும் சேர்ந்தால் அதிகம்.

நம் பெண் குழந்தைக்குப் பிளேட்லெட் 22,000, கீமோ முடிந்து மூன்று நாள். சி.ஆர்.பி. 14 ஆக இருந்தும் விதி அவளைச் சரியாகப் பிடித்துவிட்டது. பையனை சி.ஆர்.பி. 96 அபாயப் பக்கம் தள்ளிவிட்டது. அவனை உள்ளே சேர்த்து இரண்டு நாள் பார்த்ததில் எந்த நஷ்டமும் இல்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். சாந்தோலாயா விதியை நான் மதிப்பது ரத்தப் பொருளை அது தனியாக நம்பாததால். பல நாடுகளின் தரவைச் சேர்த்து 2016-ல் வந்த பிக்னிக் என்ற அபாயக் கணிப்பு மாதிரியில் இந்த இரண்டு ரத்தப் பொருள்களும் இல்லவே இல்லை. புற்றுநோய் வகை, காய்ச்சலின் அளவு, ஹீமோகுளோபின், வெள்ளை அணு, மோனோசைட், அதோடு 'பார்க்க மிகவும் சோர்ந்திருக்கிறதா' என்ற டாக்டரின் பார்வை. இவ்வளவுதான். ஸ்டிக்கர் கேட்காத குழந்தையைக் கணக்கில் சேர்க்கிற மாதிரி அது.

மறுபடி முதல் குழந்தைக்கு

இரண்டாம் நாள் புரோகால்சிடோனின் 46, சி.ஆர்.பி. 188. மூன்றாம் நாள் காலை அட்ரினலின் நின்றுவிட்டது, குழந்தை தயிர்சாதம் கேட்டாள். அன்று புரோகால்சிடோனின் 27. சி.ஆர்.பி.யோ 214! குழந்தை தேறிக்கொண்டிருக்கிறாள், சி.ஆர்.பி. மட்டும் மேலே போகிறது. மருந்து வேலை செய்யவில்லையோ என்று ஐ.சி.யூ.வில் ஒரு விவாதம் நடந்தது. இதில் குழப்பத்துக்கு இடமில்லை: சி.ஆர்.பி. எப்போதும் ஒரு நாள் பின்தங்கியே வரும். நோய் தணியத் தொடங்கியதை முதலில் சொன்னவள் குழந்தை, அடுத்து புரோகால்சிடோனின், கடைசியில்தான் சி.ஆர்.பி. நாலாம் நாள் 13, ஐந்தாம் நாள் 6 என்று புரோகால்சிடோனின் நாளுக்குப் பாதியாக இறங்கிக்கொண்டே வந்தது. நாலாம் நாள் காய்ச்சலும் விட்டது.

ஏழாம் நாள் மறுபடி 101. எல்லோருக்கும் திக்கென்றது. நியூட்ரோஃபில் இன்னும் 90-தான். சி.ஆர்.பி. 58-லிருந்து 104-க்கு ஏறியிருந்தது. புரோகால்சிடோனின் 1.1, முந்தைய நாளைவிடக் குறைவு. மறுபடி கல்ச்சர் எடுத்தோம். வயிற்றில் ஸ்கேன், குடல் சுவர் தடிக்கவில்லை. நுரையீரல் சி.டி.யில் காளான் தொற்றின் அறிகுறி இல்லை. காளான் மருந்து தொடங்குவதா, இன்னும் வலுவான ஆன்டிபயாட்டிக்குக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தபோது, கவுன் மாற்றிவிட்ட அவள் அப்பத்தா, "டாக்டரம்மா, இந்தக் கையத் தொட்டா புள்ள வெடுக்குன்னு இழுத்துக்குது, பாருங்க" என்றார்.

ஷாக் வந்த அன்று அட்ரினலின் ஓடிய அதே இடது கை. ஊசியை எடுத்து நாளாகிவிட்டது. முழங்கைக்குக் கீழே நரம்பின் போக்கில் சிவந்து, கயிறு போலத் தடித்து, தொட்டால் சுட்டது. சீழ் இல்லை. அல்ட்ராசவுண்டில் மேலோட்டமான நரம்பில் அழற்சி, ஆழ் நரம்பில் ரத்தம் கட்டவில்லை. கை உயர்த்தி வைத்து ஒத்தடம் கொடுத்தோம், மெரோபெனத்தை அப்படியே தொடர்ந்தோம். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

திசு புண்பட்டது, அதனால் சி.ஆர்.பி. ஏறியது. பாக்டீரியா ரத்தத்தில் இல்லை, அதனால் புரோகால்சிடோனின் ஏறவில்லை. இரண்டையும் சேர்த்துத் தொடர்ந்து பார்த்ததால் மருந்தைக் கூட்டாமல் ஒரு நாள் பொறுக்க எங்களுக்குத் துணிவு வந்தது. அந்தத் துணிவுக்குத்தான் இந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது தகும். கை எங்கே வலிக்கிறது என்பதை எண் சொல்லவில்லை, அப்பத்தா சொன்னார்.

வார்டில் என்ன செய்யலாம்

காய்ச்சல் ஆரம்பித்த நேரத்தை ஆய்வகச் சீட்டிலேயே எழுதுவது முதல் வேலை. '11.30-க்கு எடுத்தது, காய்ச்சல் 9.30-லிருந்து' என்று இருந்தால், காலை ரவுண்டில் வரும் டாக்டர் 0.4-ஐப் பார்த்து ஏமாற மாட்டார். வந்தவுடன் எடுக்கும் முதல் எண்ணை வைத்து மருந்து வேண்டாம் என்று முடிவெடுக்கவே கூடாது. அது அடுத்த எண்ணோடு ஒப்பிட வைத்துக்கொள்ளும் எண், அவ்வளவுதான். பண வசதி ஒரே ஒரு புரோகால்சிடோனினுக்குத்தான் இருக்கிறது என்றால், அதை வந்தவுடன் எடுக்காமல் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் எடுப்பது மேல் என்பது என் கருத்து. சி.ஆர்.பி.யைவிடப் பல மடங்கு விலை அதற்கு. தனியார் ஆய்வகத்துக்கு வெளியே எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காசு அப்பாவின் நாள்கூலியிலிருந்து போகிறது.

பையனைப் போன்ற குழந்தைகளில்தான் பலன் அதிகம். இப்படிக் காய்ச்சலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கல்ச்சரில் எதுவும் வளர்வதில்லை. 48 மணி நேரத்தில் கல்ச்சர் சுத்தம், 24 மணி நேரமாகக் காய்ச்சல் இல்லை, வெள்ளை அணு ஏற ஆரம்பித்திருக்கிறது என்றால் மருந்தை நிறுத்தலாம். அபாயம் குறைந்த குழந்தையென்றால் வெள்ளை அணு ஏறாவிட்டாலும் கவனமாகத் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாட்டோடு 72 மணி நேரத்தில் நிறுத்துவதை யோசிக்கலாம் என்றது 2017-ன் சர்வதேசக் குழந்தைகள் வழிகாட்டி; 2023-ல் வந்த அதன் புதிய பதிப்பு அதை 48 மணி நேரமாகக் குறைத்தது. வைரஸ் உறுதியாகி, பாக்டீரியா இல்லையென்று தெரிந்த குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது பாதுகாப்பானது என்று சிலிக் குழுவே ஆய்வில் காட்டியது. ஆனாலும் கை நடுங்கும். தாழ்ந்தே நிற்கும் இரண்டாவது புரோகால்சிடோனின் அந்த நடுக்கத்தைக் குறைக்கிறது. ஒரு குழந்தைக்கு நாலு நாள் ஆன்டிபயாட்டிக் மிச்சம் என்றால், குடலில் எதிர்ப்புக் கிருமி வளர நாலு நாள் குறைவு. பெற்றோருக்கு நாலு நாள் வேலை மிச்சம். வாசலில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்குப் படுக்கை.

இறங்காத எண்ணும் பயனுள்ளதே. 48 மணி நேரத்தில் பாதிக்குக் கீழ் வராவிட்டால், கிருமிக்கு மருந்து பொருந்தவில்லையா, எங்காவது சீழ் இருக்கிறதா, குழாயைக் கழற்ற வேண்டுமா என்று தேட வேண்டும். மருந்தை மாற்றுவதற்கு முன் தேட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தலை முதல் கால் வரை, வாய்க்குள், ஆசனவாய்ப் பக்கம், ஊசி போட்ட ஒவ்வொரு இடமும் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு.

மெரோபெனம் பத்து நாளோடு நிறுத்தப்பட்டது. அன்று புரோகால்சிடோனின் 0.3, சி.ஆர்.பி. 22, நியூட்ரோஃபில் 740. போர்ட் அப்படியே இருக்கிறது. இரண்டு வாரம் தள்ளிப்போன கீமோவை மறுபடி தொடங்கி, பராமரிப்புக் கட்டத்துக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குப் புது அட்டை கொடுத்தோம். பழைய வாசகத்துக்குக் கீழே, காய்ச்சல் முதலில் தெரிந்த நேரத்தை எழுத ஒரு கோடு போட்டிருக்கிறோம்.